லாம் அண்ணை அவிழ்க்காத முடிச்சு

இதைத் தட்டச்சுச் செய்யப் போகிறவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. பெரிய ற எங்கே வரும், சின்ன ர எங்கே வரும் என்பது எனக்கு இன்றைக்கும் ஊகம்தான். கையெழுத்தும் ஒரு கோட்டில் ஏறி மற்றக் கோட்டில் இறங்கிவிடும். பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் 'லாம்' என்று நான் எழுதும் சொல்லை மட்டும் தொட வேண்டாம். அதுவும் பிழைதான். அது அப்படியே இருக்கட்டும்.

மனிதர்களின் முகத்தைப் பார்க்காமல் பதினாறு வருடம் கடையில் நின்று வேலை செய்தவர் இந்த உலகத்திலேயே லாம் அண்ணை ஒருவர்தான். அவருக்கு நாங்கள் எல்லோரும் கணுக்காலோடு முடிந்துவிடுவோம். அதற்கு மேலே இருப்பதெல்லாம் குளிருக்குப் போர்த்திய சாமான்.

மொன்றியலின் வடக்குப் பக்கம், கார்ட்டியர்வில்லில், ஐஸ் மைதானம் ஒன்றோடு ஒட்டினாற்போல ஒரு ஹொக்கிச் சாமான் கடை. ஸ்கேட்டின் அலகுகளுக்குச் சாணை பிடிப்பதும், வருகிறவர்களின் காலைப் பார்த்து எந்தக் கம்பனியின் ஸ்கேட் பொருந்தும் என்று சொல்வதும் அண்ணையின் வேலை. தரை துடைப்பதும் பெட்டி அடுக்குவதும் என் வேலை. நான் கூச்சக்காரன். அவரோடு பதினொரு வருடம் இருந்தேன். அந்தப் பதினொரு வருடத்தில் நான் பேசியதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு மத்தியானத்துக்குக் காணாது.

வேலைக்குப் போன முதல் நாள் அவருக்கு முன்னால் போய் நின்றேன். அவர் என் சப்பாத்தைப் பார்த்துத்தான் கதைத்தார்.

"எந்த ஊர்?"

"திருகோணமலை."

"உன்னைக் கேக்கேல்லை. உது ஆற்றை சப்பாத்து?"

"மச்சான்ரை, அண்ணை."

"மச்சான்ரை கால் இன்னும் உள்ளுக்கை இருக்கு. கழட்டு."

கழற்றினேன். "மேஸையும் கழட்டு" என்றார், காலுறையைக் காட்டி. கழற்றினேன். வாங்குவதற்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மீன் வாங்கப் போனவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல என் விரல்களை ஒவ்வொன்றாய் விரித்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய் யாரோ திருப்பிக் கொடுத்த ஒரு சப்பாத்தை எடுத்து வந்து, முழங்காலில் இருந்து தானே கட்டிவிட்டார். கட்டி முடித்து, கயிற்றுக்குக் கீழே தன் விரல் ஒன்றை விட்டுப் பார்த்தார்.

"ஒரு விரல் போகவேணும். போகாட்டி அது சப்பாத்தில்லை, மறியல்வீடு."

அன்றைக்கு நான் கவனித்தது வேறொன்று. அது வெயில் எரிக்கிற ஆடி மாதம். அவருடைய காலில் இருந்ததோ தடித்த பனிச்சப்பாத்து. அடியை ஐந்தாறு தரம் மாற்றித் தைத்த சப்பாத்து. அதன் கயிறுகள் இரண்டு பக்கமும் வலைமுடிச்சாய் இறுக்கிக் கட்டியிருந்தன. காலையில் அவர் அதை அவிழ்த்துப் போடுவதில்லை. பின்பக்கத்தை மிதித்து, ஒரு தகரக் கரண்டியால் நெம்பி, முகத்தைச் சுளித்துக்கொண்டு காலை உள்ளே இறக்குவார். மாலையில் அதே மாதிரி இழுத்து எடுப்பார். "கயிறை முழுக்கத் தளத்திப்போட்டுக் காலை விடு" என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவர் அவர்தான்.

"அண்ணை, உங்கடை சப்பாத்தை ஒருக்கால் அவிட்டுக் கட்டினால் என்ன?" என்று யாராவது கேட்டால், "உதை விடு" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

ஒருநாள் முதலாளி பல வருடத்துத் தாடியை மழித்துவிட்டு வந்தார். கடையில் இருந்த ஒருவருக்கும் ஆளைத் தெரியவில்லை. அண்ணை மட்டும் தலை நிமிராமலே "பொன்ஜூர் பத்ரோன்", முதலாளி வணக்கம் என்றார். அடுத்த மாதம் அதே முதலாளி புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்து முன்னால் நின்றார். "இருங்கோ மிசியே, என்ன அளவு வேணும்?" என்று அண்ணை பிரெஞ்சில் விசாரித்தார்.

அவருக்கு லாம் என்ற பெயர் வந்த கதையைச் சொல்லவேண்டும்.

அண்ணை மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். மொன்றியலுக்கு வந்து இரண்டாவது மாரிக் குளிரிலேயே மனைவி தவறிப்போனா. பிரெஞ்சுக் கோயிலில் பூசை வைத்தார்கள். பாதிரியார் திரும்பத் திரும்ப 'லாம், லாம்' என்று சொன்னார். பக்கத்தில் இருந்த ஒருவர் அது 'ஆத்துமா' என்று காதுக்குள் சொல்லிக்கொடுத்தார். அண்ணை ஒழுங்காகப் படித்த முதல் பிரெஞ்சுச் சொல் அதுதான்.

கொஞ்ச நாளில் இந்தக் கடைக்குக் கூட்டித் துடைக்க வந்து சேர்ந்தார். முதல் கிழமையே ஆறடிக்கு மேலான ஒரு ஆட்டக்காரன் ஸ்கேட்டைத் தூக்கி மேசையில் வைத்து, "என் லாம் முடிஞ்சுபோச்சு" என்று பிரெஞ்சில் சொல்லியிருக்கிறான். ஸ்கேட்டின் அலகுக்கும் பிரெஞ்சில் லாம்தான். கொஞ்சம் நீட்டிச் சொன்னால் ஆத்துமா, குறுக்கிச் சொன்னால் அலகு. எங்கள் காதுக்கு இரண்டும் ஒன்று.

பிறகு அண்ணையே அந்தக் கதையைச் சொல்லுவார். "இவ்வளவு பெரிய ஆம்பிளை, பட்டப்பகலிலை, தன்ரை ஆத்துமா முடிஞ்சுபோச்செண்டு சொல்லுறான். எனக்குக் கண் கலங்கிப் போட்டுது. அவன்ரை கையைப் பிடிச்சு, நானும் அப்பிடித்தான் தம்பி எண்டு சொன்னன்."

ஆட்டக்காரன் பயந்து கையை இழுத்திருக்கிறான். முதலாளி ஓடி வந்து அலகைத் தொட்டுக் காட்டி, லாம் என்றால் இது என்று விளங்கப்படுத்தினார். அண்ணை ஏற்றுக்கொள்ளவில்லை.

"சொல்லு ஒண்டெண்டால் சாமானும் ஒண்டாய்த்தான் இருக்கும். ஏறி நிக்கிறதுக்கு எல்லாருக்கும் ஏதோ ஒண்டு வேணும். இவங்கள் அதைக் காலுக்குக் கீழை பூட்டி வைச்சிருக்கிறாங்கள்."

அன்றிலிருந்து அவர் சாணை பிடிப்பதை ஆத்துமாவுக்குச் சாணை பிடிப்பது என்றுதான் சொல்லுவார். "இந்த ஆத்துமா ஒரு பக்கம் சரிஞ்சு தேஞ்சுபோச்சு." "இந்த ஆத்துமாவிலை கறள் பிடிச்சிருக்கு, ஆற்றை?" தமிழர் லாம் அண்ணை என்றோம். வெள்ளைக்காரரும் மிசியே லாம் என்றார்கள். உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்க வெட்கம். முதல் நாள் கேட்காததை ஐந்தாம் வருடம் எப்படிக் கேட்பது?

கடையில் மூன்று கம்பனிகளின் ஸ்கேட் இருந்தன. அவற்றுக்கும் அண்ணை பெயர் வைத்திருந்தார். ஒன்று மாமியார். விறைப்பு. முதல் மாதம் அழவைக்கும், பிறகு ஒருநாளும் கைவிடாது. மற்றது மச்சாள். முதல் நாளே சிரித்துக் கதைக்கும், குதிக்காலை அணைத்துப் பிடிக்கும், ஆனால் அகன்ற பாதத்தைக் கண்டால் முகம் கொடுக்காது. மூன்றாவது சித்தப்பா. எந்தக் காலையும் உள்ளே எடுக்கும், ஒரு காலையும் வேகமாய் ஓடவிடாது.

இந்தப் பெயர்களால் ஒருமுறை பெரிய வில்லங்கம் வந்தது. டொலார்ட்டில் இருக்கும் முருகன் கோயிலுக்குத் திருவிழாவுக்கு என்னைக் கூட்டிப் போனார். "நீங்கள் வேதக்காரர் எல்லோ அண்ணை?" என்றேன். "இவ்வளவு வெறுங்காலை ஒரே இடத்திலை வேறெங்கை பாக்கலாம்?" என்றார். எல்லோரும் சாமியைப் பார்க்க, அவர் தூண் ஓரமாய் இருந்து கால்களைப் பார்த்தார். கடைசியில் விபூதி தந்த ஐயரின் பாதத்தை நிறைய நேரம் பார்த்துவிட்டு, நாலு பேருக்குக் கேட்கக்கூடியதாகச் சொன்னார்.

"ஐயா, உங்களுக்கு மச்சாள்தான் பொருத்தம். மாமியாரிட்டைப் போயிடாதேங்கோ."

விபூதித் தட்டு ஒருமுறை ஆடி நின்றது. நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கார் நிற்கும் இடத்துக்கு ஓடிவிட்டேன்.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கொண்டு வருவார்கள். டிவியில் வருகிற பெரிய ஆட்டக்காரன் எதைப் போடுகிறான், எங்களுக்கும் அதைத் தா. அப்படி வந்த ஒரு தமிழ்த் தகப்பனுக்கு அண்ணை சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"அவன் மாமியாரைப் போடுறான் எண்டு பாத்தனீங்கள். அவன்ரை குதிக்காலும் உங்கடை மகளின்ரை குதிக்காலும் ஒண்டோ?"

"இல்லை அண்ணை, நல்லதாய் இருந்தபடியால்தானே பெரிய ஆக்கள் அதைப் போடுறாங்கள்."

"பெரிய ஆக்கள் கம்பனியைத் தெரிஞ்செடுக்கிறேல்லை. கால் பழகினதை விட்டு அவங்களாலை வரேலாமல் இருக்கு. புதுக் கம்பனி ஒப்பந்தம் போட்டால் சப்பாத்தை மாத்துவான், அடியிலை பழைய கம்பனியின்ரை அலகைப் பூட்டச் சொல்லிக் கெஞ்சுவான். சில பேர் மேஸ் போடாமல் வெறுங்காலை உள்ளுக்கை விடுறாங்கள். ஏன்? நடுவிலை ஒரு துணி நிண்டாலும் தன்ரை சப்பாத்தை மறந்துபோவன் எண்ட பயம்."

"விளம்பரத்திலை அப்பிடிச் சொல்லேல்லையே?"

"விளம்பரத்திலை சிரிக்கிறது முகம். நான் முகம் பாக்கிறேல்லை."

காலைப் பார்த்து முடித்த பிறகு அவர் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று இருந்தது. "உன்ரை முதல் ஸ்கேட்டுக்கு ஆர் கயிறு கட்டிவிட்டது?" இந்தக் கேள்வியைக் கேட்டதும் தடியன்கள் எல்லாம் குனிந்து தங்கள் காலையே பார்ப்பார்கள். பிறகு அப்பா என்பார்கள், அக்கா என்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் என்பார்கள். எவ்வளவு இறுக்கிக் கட்டினார்கள், எந்தக் கம்பனி ஸ்கேட் என்று அண்ணை துருவித் துருவிக் கேட்பார். அதே கம்பனியைத்தான் அநேகமாக எடுத்துக் கொடுப்பார். அநேகமாக அதுதான் சரியாகவும் இருக்கும்.

எங்களிடம் சாணை பிடிக்க வருகிறவர்களில் உண்மையாகவே பெரிய ஆட்டக்காரன் ஒருவன் இருந்தான். அமெரிக்காவில் சம்பளத்துக்கு விளையாடுகிறவன். எங்கள் மைதானத்தில் பழகி வளர்ந்தபடியால் கோடை விடுமுறைக்கு வந்து இங்கேதான் பயிற்சி எடுப்பான். கடையின் வாசலில் தலை இடிக்கும். அண்ணை அவனை நெடுவல் என்பார். அவனுடைய படம் நகரத்துப் பஸ்களில் ஓடியபோதும் அண்ணைக்கு அவன் முகம் தெரியாது.

நெடுவல் கடைசியாக வந்த கோடையைப் பற்றித்தான் இனி எழுதவேண்டும். இதுவரை எழுதியது சுலபம்.

அந்த ஆவணி மாதத்தில், அண்ணை சாணை யந்திரத்துக்கு முன்னால் இருக்கும் ரப்பர் விரிப்பில் ஒரு கறையைக் கண்டேன். செம்மண் நிறம். அலகுகளின் துரு கலந்த கறள் தண்ணீர் என்று நினைத்துத் துடைத்தேன். அடுத்த நாளும் அதே இடத்தில், இடது சப்பாத்து நிற்கும் இடத்தில் இருந்தது. மூன்றாம் நாள் முகர்ந்து பார்த்தேன். கறள் இல்லை.

அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, இருந்தது. சீனி வருத்தக்காரரின் காலில் முள் ஏறினாலும் தெரியாது என்று எனக்கும் தெரியும். கேட்கவேண்டியது மூன்று சொல். 'அண்ணை, காலைக் காட்டுங்கோ.' நான் கோட்-டெ-நெய்ஜில் இருந்து வருகிறவன். மெட்ரோவிலும் பஸ்ஸிலும் வரும் வழியெல்லாம் அந்த மூன்று சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். கடையில் தரை துடைக்கும் மொப்போடு அவருக்கு முன்னால் போய் நிற்பேன். அவர் என் சப்பாத்தைப் பார்த்து, "என்னடாப்பா?" என்பார்.

"அண்ணை... தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

"கொண்டு வா. மூண்டு கரண்டி சீனி."

மறுப்பதற்கும் எனக்கு வாய் வராது. கொண்டுபோய்க் கொடுப்பேன். பின்னேரம் இன்னொருமுறை துணிந்து போவேன். இன்னொரு தேத்தண்ணி. ஒரு மாதத்துக்குக் கிட்ட நான் இப்படியே கேட்கப் போய்ப் போய் அவருக்குச் சீனி ஊற்றினேன். "இவன் என்ன இந்தக் கோடையிலை இவ்வளவு அன்பாய் இருக்கிறான்" என்று முதலாளியிடம் சொல்லி மகிழ்ந்தாராம்.

நெடுவல் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. மச்சாளில் வளர்ந்தவன், ஒப்பந்தம் மாறி மாமியாருக்குப் போயிருந்தான். கம்பனி அவன் காலை யந்திரத்தில் படம் எடுத்து, அவனுக்கென்றே வார்த்துக் கொடுத்த ஸ்கேட். ஆனாலும் இடது கணுக்கால் உயிர் போகிறது என்றான். கம்பனியின் ஆட்கள் மூன்று முறை மாற்றிக் கொடுத்தும் சரிவரவில்லை. பழைய கம்பனிக்குத் திரும்பவும் வழியில்லை.

அண்ணை மேஸைக் கழற்றி, காலை மடியில் வைத்துத் தடவினார். பிறகு வழக்கமான கேள்வி.

"முதல் ஸ்கேட்டுக்கு ஆர் கட்டிவிட்டது?"

"அம்மா" என்றான் நெடுவல்.

"எப்பிடி? கட்டிக் காட்டு."

நெடுவல் ஸ்கேட்டுக்குள் காலை விட்டு, குனிந்து கட்டத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எல்லாத் துளைக் கண்ணுக்குள்ளும் கயிறு போனது. "இது நீ கட்டுறது. அம்மா கட்டினதைக் கட்டு" என்றார் அண்ணை. அவன் கையை நிறுத்திக் கண்ணை மூடினான். பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்து, மேலிருந்து மூன்றாவது கண்ணை விட்டுவிட்டுக் கட்டினான். அவனுடைய கணுக்கால் எலும்பு அந்த இடத்தில் கொஞ்சம் வெளியே தள்ளியிருந்தது. அவனுடைய தாய்க்கு அது தெரிந்திருக்கிறது. யந்திரத்துக்கும் தெரியவில்லை, அவனுக்கும் மறந்துபோயிருக்கிறது.

எழுந்து நடந்தான். இன்னொருமுறை நடந்தான். வந்து இருந்து, கையால் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"மெர்சி, மிசியே லாம்."

அண்ணை சிரித்துக்கொண்டே எழும்பினார். எழும்பியவர் தடுமாறி யந்திரத்தைப் பிடித்தார். விரிப்பில் அவர் கால் இருந்த இடத்தில் நல்ல சிவப்பாய் ஒரு வட்டம். நெடுவல் அதைப் பார்த்தான். ஒரு மாதமாய் நான் துடைத்துக்கொண்டிருந்ததை அவன் ஒரு விநாடியில் பார்த்துவிட்டான்.

"உன் காலைக் காட்டு" என்றான்.

"ஒண்டுமில்லை."

"காட்டு."

"உதை விடு எண்டு சொல்லுறன்."

அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நெடுவல் முழங்காலில் இருந்து சப்பாத்தைப் பிடித்து இழுத்தான். கால் வீங்கியிருந்தபடியால் வரவில்லை. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான், முடியவில்லை. மேசையில் இருந்த கத்தியை எடுத்தான். அண்ணை அவனுடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய ஆளின் கை அசையவில்லை.

அப்போது நெடுவல் பிரெஞ்சில் மெல்லக் கேட்டான். "இதை உனக்கு யார் கட்டிவிட்டது?"

அண்ணை அவன் மணிக்கட்டை விடவில்லை. என் பக்கம் திரும்பி, என் சப்பாத்தைப் பார்த்து, தமிழில் சொன்னார்.

"ஆசுப்பத்திரியிலை, கட்டில் விளிம்பிலை இருந்துகொண்டு கட்டினவள். எனக்கு அப்ப சப்பாத்துக் கட்டத் தெரியாது, அவள்தான் ஒவ்வொரு நாளும் கட்டிவிடுறது. வெளியிலை பனி கொட்டுது, கழண்டுபோனால் விழுந்துபோவியள் எண்டு, வலைமுடிச்சாய்ப் போட்டுவிட்டாள். நான் விடிய வரேக்கை ஆள் இல்லை. இதை எப்பிடியடா வெட்டுறது?"

என் மொப் தானாகக் கீழே விழுந்தது. நான் போய் நெடுவலுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன்.

"அண்ணை, காலைக் காட்டுங்கோ."

கடைசியில் வந்துவிட்டது. ஒரு மாதம் பிந்தி வந்தது.

"நான் வெட்டேல்லை அண்ணை. அவிழ்க்கிறன். என்ரை அப்பா வலைத்தொழில். நான் பள்ளிக்கூடத்தாலை நிண்டதே வலை பொத்தத்தான். எனக்கு இந்த முடிச்சுத் தெரியும்."

"பேந்து அதே மாதிரிக் கட்டிவிடுவியோ?"

"ஓம் அண்ணை."

"சத்தியமாய்?"

"சத்தியமாய்."

அவர் நெடுவலின் கையை விட்டார். வலைமுடிச்சு பழசானால் கல்லாய்ப் போகும். நகத்தால் கிள்ளிக் கிள்ளி, உமிழ்நீர் தடவி, கொஞ்சம் கொஞ்சமாய்க் கட்டை இளக்கினேன். பதினாறு வருடத்து மடிப்பு. கயிறு அவிழ்ந்த பிறகும் முடிச்சின் வடிவத்திலேயே வளைந்து நின்றது. சப்பாத்தை எடுத்ததும் நெடுவல் திரும்பிக்கொண்டான். நான் அந்தக் காலைப் பற்றி எழுதமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் அடிப்பாதத்தில் இருந்து ஒரு சின்ன இரும்புத் துண்டை எடுத்தார்கள். முறிந்த அலகு ஒன்றின் நுனி. எப்போதோ தரையில் கிடந்து, தேய்ந்த அடிக்குள்ளால் ஏறியிருக்கிறது. அது தரையில் கிடந்தபோது நான் கூட்டியிருக்கவேண்டும். டொக்டர் அதை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் காட்டினார்.

"லாம்" என்றார் அண்ணை. "பாத்தியே, உள்ளுக்கை போயிட்டுது."

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காயம் எப்போது பட்டிருக்கும், கறை முதலில் எப்போது தெரிந்தது என்று தாதி கேட்டா. நான்தான் பதில் சொன்னேன். நாலு கிழமை என்று. அண்ணை கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். அந்தத் தேத்தண்ணிகள் எல்லாம் எதற்கு வந்தன என்று அப்போது அவருக்கு விளங்கியிருக்கும். தாதி போனதும், "நல்ல தேத்தண்ணியடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மாரி முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் படுத்திருப்பவருக்கு வருகிறவர்களின் கால் தெரியாது. அதனால் வேறு வழியில்லாமல் அவர் முகங்களைப் பார்க்கத் தொடங்கினார். ஒருநாள் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு அதிசயமாய்க் கேட்டார்.

"உனக்கு மீசை இருக்கோ?"

"பதினொரு வருசமாய் இருக்கு அண்ணை."

"நல்லாத்தான் இருக்கு."

செயற்கைக் காலுக்கு அளவெடுக்க வந்தவரை அவர் ஒரு மணித்தியாலம் விசாரித்தார். இது மாமியாரோ, மச்சாளோ? குதிக்கால் அகலம் என்ன? அந்த மனிதர் களைத்துப்போய்ப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போனார். இடது சப்பாத்தை நான் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோயிருந்தேன். இப்போதே கட்டித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வெறும் சப்பாத்துக்குக் கட்டுறதோ? விசரே. கால் வரட்டும், பேந்து கட்டு."

ஒரு ஞாயிறு பின்னேரம் அங்கே இருந்த டிவியில் நெடுவல் விளையாடினான். புதுக் கம்பனிக்கு மாறிய பிறகு அவன் இவ்வளவு வேகமாய் ஓடுவதற்கு என்ன காரணம் என்று இரண்டு நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். புது வார்ப்பு, பாரம் குறைவு, அலகின் கோணம். பக்கத்துக் கட்டில்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் அண்ணையும் அவனுடைய இடது காலை மட்டும் பார்த்தோம். மூன்றாவது கண் வெறுமையாய் இருந்தது.

வைகாசியில், செயற்கைக் கால் வருவதற்கு இரண்டு கிழமை இருக்க, அண்ணையின் இருதயம் நின்றுவிட்டது.

மரண வீட்டு மண்டபத்தின் வாசல் பலகையில் இருந்த பெயரை வாசித்துவிட்டு, இடம் மாறி வந்துவிட்டேன் என்று பஸ் தரிப்பு வரைக்கும் திரும்பி நடந்தேன். முதலாளி காரில் வந்து இறங்கியதைக் கண்ட பிறகுதான் அது அண்ணையின் பெயர் என்று தெரிந்தது. நல்ல பெயர். நான் கேட்டிருக்கலாம்.

பூசையில் பாதிரியார் லாம் என்றார். திரும்பவும் லாம் என்றார். முன்வரிசையில் இருந்த முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் சாணை யந்திரம்தான் கேட்டிருக்கவேண்டும். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரித்தாரா, அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் இரண்டையும் செய்தேன்.

பெட்டியை மூடுவதற்கு முதல், நான் கொண்டுபோன பையைத் திறந்தேன். எனக்கு முன்னால் அவ்வளவு சனம் நின்றது. கூச்சப்பட நேரம் இருக்கவில்லை. வலது சப்பாத்தை அவருடைய காலில் போட்டேன். அதன் முடிச்சு அவர் மனைவி போட்டது, அதை நான் தொடவில்லை. இடது சப்பாத்தை அது இருக்கவேண்டிய இடத்தில் வைத்தேன். வெறும் சப்பாத்துக்குக் கட்டக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். ஆனால் நான் சத்தியம் செய்திருந்தேன்.

கயிறு பழைய வளைவை மறக்கவில்லை, தானாகவே வழி காட்டியது. அதே வலைமுடிச்சைப் போட்டேன். போட்டு முடித்து, கயிற்றுக்குக் கீழே என் விரலை விட்டுப் பார்த்தேன். போனது.

நவம்பர் இரண்டு, ஆத்துமாக்கள் திருநாள்.